விடியற்கால டிரிப்

படிவத்தின் பதினேழாவது கேள்விக்கு வேன் அக்கா கொட்டை எழுத்தில் பதில் எழுதியிருந்தாள்: 'உதவித்தொகை வேண்டாம்.' எழுதியதோடு விட்டாளா? அடியில் இரண்டு கோடு வேறு. பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழியாதது பெரிய விஷயம்.

அந்த இரண்டு கோடும் அவளுடைய அண்ணிக்காகப் போட்டவை. வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள், ஊரார் பிள்ளையைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்க்கப் போகிறாள், அதற்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை தரும் என்று கேள்விப்பட்ட அன்றே அண்ணி போன் செய்தாள். "ஓ, சம்பளத்துக்குப் புள்ள வளக்கப் போறியா? வேன்ல வர்ற வருமானம் பத்தலையோ?" என்று கேட்டாள். அண்ணிக்கு நாக்கில் எலும்பே கிடையாது. வேன் அக்காவுக்கோ ரோஷம் மூக்குக்கு மேல். அன்றைக்கே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் விலகி, பதினோரு வருடமாக வேன் ஓட்டிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்சீட்டு வரை நடந்து போய் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பது அவள் வழக்கம். தூங்கிப்போன பிள்ளை ஒன்றுகூட இதுவரை அவள் வண்டியில் பூட்டப்பட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஏழு வயதுக் குட்டி ஒன்று, எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவதால் எல்லாரும் 'பின்சீட்டு' என்று கூப்பிடுகிற பெண், ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில் வாசலுக்கு வரவில்லை. வேன் அக்கா மூன்று தடவை ஹாரன் அடித்தாள். அப்புறம் இறங்கிப் போனாள். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது: "அம்மா இன்னும் வரல."

அம்மா ஒரு ஆலையில் துப்புரவு வேலை செய்பவள். விடியுமுன் மகளைப் பூட்டிவிட்டுப் போய், பள்ளி நேரத்துக்குள் ஓடி வந்து திறந்து விடுவாள். வேறு வழி அவளுக்கு இல்லை. அன்று வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். வேன் அக்கா வண்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து வந்து பூட்டை உடைத்தாள். பிள்ளை சீருடை போட்டு, பையை மாட்டி, கதவோரமாக நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படியே நின்றதோ தெரியாது. அழக்கூட இல்லை.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. தேற ஒரு வருடமாவது ஆகும் என்றார்கள். பின்சீட்டைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். வேன் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய், "நீ நல்லாகி வர்ற வரைக்கும் நான் வச்சுப் பாத்துக்கறேன், எங்கிட்ட விடு," என்று கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். அன்றிலிருந்து வேன் அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். ஆறு நாள் பயிற்சி வகுப்பு, போலீஸ் சான்றிதழ், ரத்தப் பரிசோதனை, குளியலறைத் தாழ்ப்பாள் மாற்றம், மருந்துப் பெட்டிக்குப் பூட்டு. சொன்னதையெல்லாம் செய்தாள்.

ஒப்புதல் குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு, விசாரணை அதிகாரி கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயசு அம்மாள்; காலில் வலி போலிருக்கிறது, உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். சமையலறை மேஜையில் படிவத்தை விரித்துப் பதினேழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"தொகை வேண்டாம்னா, செலவு எப்படிம்மா சமாளிப்பீங்க?"

வேன் அக்கா இதற்காகவே காத்திருந்தாள். "அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன் மேடம். பிஸ்கட் கம்பெனி ஷிஃப்ட் ஆளுங்களுக்கு விடியக்காலம் ஒரு டிரிப் பேசியிருக்கேன். நாலரைக்கு எடுத்தா ஆறரைக்குள்ள திரும்பிருவேன். யார் காசும் வேணாம்."

"அந்த ரெண்டு மணி நேரம் குழந்தை?"

"தூங்கிட்டிருப்பா. நான் கதவை வெளிய பூட்டிட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்துவிட்டது. வேன் அக்காவுக்கு முகமெல்லாம் சூடேறியது. எந்தப் பூட்டைத் தன் கையால் உடைத்தாளோ, அதே பூட்டைத் தன் கையால் மாட்டத் திட்டம் போட்டு, அதற்கு மானம் என்று பெயரும் வைத்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அதை அடிச்சிட்டு வேணும்னு எழுதிடலாமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்ட படிவம். நான் தொட முடியாது. குழு முன்னாடி நீங்களே சொல்லணும்." அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன். முதல்ல வேண்டாம்னு எழுதிட்டு இப்ப கேட்டா துருவித் துருவிக் கேப்பாங்க. இந்தத் தடவை மறுத்துட்டா ஒரு வருஷம் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. அதுவரைக்கும் வச்சுக்க இங்க காப்பகத்துல இடமில்ல, பொண்ணை வேற ஊருக்கு மாத்திருவாங்க."

அன்று மாலையே வேன் அக்கா பிஸ்கட் கம்பெனிக்குப் போனாள். டிரிப்பை ரத்து செய்தாள். மேலாளர், "வாக்குக் குடுத்துட்டு இப்படிக் கழுத்தறுக்கறீங்களே," என்று குதித்தார். திட்டு முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் ரத்து செய்ததற்கு எழுத்தில் ஒரு கடிதம் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். படிவத்தைக் கையில் எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கோடு போட்டு வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. இப்ப வேணுங்கறீங்க. ஒரு வாரத்துல காசு மேல ஆசை வந்துடுச்சா?"

வேன் அக்காவுக்கு அண்ணியின் குரலே அந்த ஆள் வாயில் வந்ததுபோல் இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து போயிருப்பாள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா சார். காசு வேணும்," என்றாள். "கோடு போட்டப்ப என் கௌரவத்தை நெனச்சுப் போட்டேன். பொண்ணை நெனச்சுப் போடல. காசு வேண்டாம்னா நான் விடியக்காலம் வண்டி எடுக்கணும். வண்டி எடுத்தா அவளைப் பூட்டிட்டுப் போகணும். அவங்கம்மா அதைத்தான் செஞ்சா. அவளுக்கு யாரும் மாசாமாசம் காசு தரல, அதனால செஞ்சா. எனக்குத் தர்றேங்கறீங்க. நான் எதுக்கு விடணும்?" கடிதத்தை மேஜையில் வைத்துத் தள்ளினாள். "டிரிப்பை ரத்து பண்ணிட்டேன். நீங்க என்ன தருவீங்களோ அதை முழுசா வாங்கிப்பேன். ஒரு காசு விட மாட்டேன்."

ஓரத்தில் இருந்த பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து எதையோ எழுதுவதுபோல் மறைத்தார். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

நாற்பது நிமிடம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரின் விரிசல்களையெல்லாம் எண்ணி முடித்து மறுபடி எண்ணத் தொடங்கியபோது விசாரணை அதிகாரி வெளியே வந்து, "சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க," என்றார். வேன் அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்துப் போயிருந்தது. உட்கார்ந்தபடியே அழுதாள்.

அண்ணிக்குத் தானே போன் செய்து சொன்னாள்.

"அப்ப காசு வாங்கத்தான் போறே?"

"ஆமா அண்ணி. மாசம் ஒண்ணாந்தேதி," என்றாள் வேன் அக்கா.

பின்சீட்டு வந்த மூன்றாம் நாள் விடியற்காலை. சமையலறையில் விளக்கெரிந்துகொண்டிருந்தது. டிரிப் இல்லாவிட்டாலும், குழுவை நினைத்த ஒரு வாரக் கவலையில் நாலு மணிக்கே விழித்துப் பழகிவிட்ட உடம்பு வேன் அக்காவுக்கு. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், வாசல் கதவருகே பிள்ளை நின்றுகொண்டிருந்தது. சீருடை போட்டிருந்தது. பையும் மாட்டியிருந்தது. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது உள்பக்கம்தான் போட்டிருக்கு," என்றாள் வேன் அக்கா.

"நீங்க வேலைக்குப் போகல?"

"ஏழு மணிக்குத்தான். உன்னையும் ஏத்திக்கிட்டு."

"இப்ப போகலைன்னா காசு?"

"அதை அரசாங்கம் குடுக்குது. நான் வீட்ல இருக்கறதுக்கு."

பிள்ளை யோசித்தது. அவள் சொல்வதில் ஏதோ தில்லுமுல்லு இருப்பதாக அதற்குப் பட்டிருக்க வேண்டும்.

"இந்த நேரத்துல வீட்ல இருந்து என்ன செய்வீங்க?"

"தூங்குவேன்."

"தூங்கறதுக்கா காசு?"

"ஆமா. உன் பக்கத்துல தூங்கறதுக்கு."

பின்சீட்டு பையைக் கழற்றியது. அதைக் கதவோரம் வைக்காமல், உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. சீருடையோடே ஏறிப் படுத்து, சுவர்ப்பக்கமாக நகர்ந்து இடம் விட்டது.

"அப்ப வந்து தூங்குங்க," என்றது.