மூன்றாவது வளைவில் 412

1
இந்தக் கதை என் வலது கை செய்த தவறில் பிறந்தது. முதல் வரைவில் அந்தத் தவறைச் சிதம்பரம் என்ற ஒருவர் தலையில் கட்டியிருந்தேன். அப்படி யாரும் எங்கள் பட்டறையில் இல்லை. லிட்டில் இந்தியா டீக்கடையில் உட்கார்ந்து அவர் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டேன்.

2
ஜூரோங் தொழிற்பேட்டையில் பொழுது விடியும்போது... (வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

நான் அஹமது கபீர். இருபத்திரண்டு வருடமாக மில்லிங் மெஷின் ஓட்டுகிறேன். உலோகக் கட்டியில் வளைந்த குழி குடையும்போது, வளைவில் கட்டர் கூடுதலாக உலோகத்தைக் கடிக்கும், விசை எகிறும், சில சமயம் கட்டரே உடையும். சத்தம் மாறியதும் வேகத் திருகைக் குறைப்போம். கை தானாகப் போகும்.

எங்கள் இன்ஜினியர் நிரஞ்சனா, எந்த வளைவில் எவ்வளவு விசை வரும் என்பதை வெட்டுவதற்கு முன்பே கணக்கிட்டாள். எட்டு மாத உழைப்பு. மேனேஜர் மருதப்பன் ஒரே ஒரு சோதனைக்குத்தான் சம்மதித்தார். மூன்றாவது வளைவுக்கு 412 நியூட்டன் என்று மெஷினின் கண்ணாடிக் கதவில் மார்க்கரால் எழுதினாள். ஓடவிட்டதும் அந்த வளைவில் விசை மீட்டர் 331தான் காட்டியது.

3
(இங்கே அவளை அழவைத்திருந்தேன். பொய். கையிலிருந்த கணக்குத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.) இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார் மருதப்பன்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். திருகின் மேல் இருந்தது. நூறு சதவீதத்தில் நிற்க வேண்டிய திருகு எழுபத்தைந்தில் நின்றது.

"உன் கணக்கு தப்பில்லம்மா. வளைவு வந்ததும் என் கை குறைச்சிருச்சு."

மருதப்பன் முன்னால் இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

பெருமையும் இருந்தது, மறைப்பானேன். விசை ஏறும் என்று அவள் குறித்த அதே இடத்தில்தான் என் கை குறைத்திருந்தது. மருதப்பன் இன்னொரு ஓட்டத்துக்குத் தலையாட்டினார். நிரஞ்சனா சிரித்துவிட்டாள்.

"அண்ணே, இந்தத் தடவ ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குங்க லா."

4
கட்டிக்கொண்டேன். முதல் வளைவு போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதில் சத்தம் கனத்தது. விரல்கள் திருகைத் தேடின; பின்னால் கட்டிய கையை நான் விடவில்லை.

முடிவு அ: கட்டர் உடைகிறது.
முடிவு ஆ: மருதப்பன் கைகுலுக்க அவளிடம் கை நீட்டுகிறார்.

எதை எழுதினாலும் சினிமா மாதிரி இருக்கிறது. நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தக் கண்ணாடிக் கதவைத் தினமும் துடைக்கிறேன், அவள் எழுதிய அந்த எண் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.