கோர்பி வீட்டுக் கட்டை

நிஸ்காலா குடும்பத்தில் யாரும் பிறர் பொருளைத் தொட்டதில்லை. ஆர்விட் நிஸ்காலா எழுபத்தொன்பது வயது வரை இதைச் சந்தேகமில்லாமல் நம்பினார். அந்தச் செப்புச் சுரங்க ஊரில் நம்பாதவர்கள் ஒரே குடும்பம்தான். கோர்பிகள்.

விஷயம் 1938 நவம்பரில் நடந்தது. ஆர்விட்டின் அப்பா யால்மரும் ஏமில் கோர்பியும் ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே மாதிரி சாவேஜ் கம்பெனி ரைபிள் வாங்கியவர்கள். மான் வேட்டைக் காலத்தில் காட்டில் ஒரே குடிசையில் தங்கினார்கள். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், ஏமிலின் ரைபிளில் தோளில் பதிக்கும் மரக்கட்டை கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. முந்தின நாள் பாறையில் வழுக்கி விழுந்தவர் யால்மர்தான், அவருடைய கட்டைதான் உடைந்தது, நான் தூங்கும்போது அதை என் ரைபிளுக்கு மாற்றிவிட்டார் என்றார் ஏமில். விரிசல் முதலிலிருந்தே உன்னுடையதில்தான் என்றார் யால்மர். யால்மர் பேச்சு சுத்தமானவர் என்று பெயர். ஊர் அவரை நம்பியது. அன்றிலிருந்து கிறிஸ்தவக் கோயிலில் நிஸ்காலாக்கள் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், கோர்பிகள் இடப்பக்கம்.

இந்த ஆண்டு ஊர் மன்றத்தில் பழைய வேட்டைக் குடிசைப் பொருட்களுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். யால்மரின் ரைபிளைக் கேட்டார்கள். ஆர்விட் சம்மதித்தார். கூட்டத்தில் ஏமிலின் மகன் வெய்க்கோ கோர்பி உட்கார்ந்தபடியே கேட்டார்:

"இரும்பு அவங்களது, சரி. மரம் யாருதுன்னும் அட்டையில எழுதுவீங்களா?"

சிலர் சிரித்தார்கள். சிரித்த முகங்களை ஆர்விட் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தெரிஞ்சவங்க கையால எழுதி வாங்கிட்டு வரேன்."

தெரிந்தவள் டெல்மா பெல்க்கி. லான்ஸ் ஊரில் வீட்டை ஒட்டிய கராஜில் துப்பாக்கிக் கட்டைகளைப் பழுது பார்ப்பவள், புதிதாகவும் செதுக்குபவள். ஐம்பது வயது, முன்கையெல்லாம் எண்ணெய்க் கறை. ஆர்விட் ரைபிளை மேசையில் வைத்தார்.

"மெருகு போடணுமா பெரியவரே?"

"மெருகும் போடு. அதுக்கு முன்னாடி ஒரு காகிதம் எழுது. இந்தக் கட்டை இந்த ரைபிளோட பொறந்ததுன்னு."

"பொறந்துச்சான்னு பாத்துட்டு எழுதறேனே?"

"பாரு. யாரு வேணாங்கறா?"

அவள் கட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள். வால்நட் மரம். வளைவு, தடிமன், பழுத்துப்போன பூச்சு எல்லாவற்றையும் பார்த்து, "கம்பெனி மரம்தான். ஊர்த் தச்சன் செஞ்சதில்ல," என்றாள். ஆர்விட் தலையை மட்டும் அசைத்தார். பிறகு அவள் கட்டைவிரல் நகத்தை மரமும் இரும்பும் சேரும் விளிம்பில் ஓட்டினாள். ஓட்டியவள் நிறுத்தி, மறுபடி ஓட்டினாள்.

"கம்பெனியில மரத்தையும் இரும்பையும் ஒண்ணா மாட்டி வெச்சுத்தான் தேய்ப்பாங்க. சுத்திலும் மரம் ஒரு முடியளவு தூக்கலா நிக்கும். இதுல இடது பக்கம் தூக்கல், வலது பக்கம் பள்ளம்."

"எண்பது வருஷம் ஆச்சும்மா. எனக்கே ஒரு பக்கம் தூக்கல்தான்."

டெல்மா சிரித்தாள். கட்டையின் அடியில், தோளில் படும் முனையில் இருந்த எஃகுத் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றி, தகட்டைத் தனியே வைத்தாள்.

"இங்க நம்பர் குத்தியிருக்கணும். இரும்புல இருக்கற அதே நம்பர்."

நம்பர் இல்லை. அந்த இடத்தில் மரம் இலேசாகக் குழிந்திருந்தது.

"குத்த மறந்திருப்பாங்க," என்றார் ஆர்விட்.

"மறந்திருந்தா ரம்பம் அறுத்த கோடு அப்படியே இருக்கும். இது கத்தியால சுரண்டினது."

டெல்மா தகட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அச்சு குத்தறப்போ மரம் உள்ளுக்குள்ள நசுங்கும். மேல சுரண்டினாலும் அடியில நசுங்கினது நசுங்கினபடியே கிடக்கும். ஆவி காட்டினா உப்பி வரும். சப்பளிஞ்ச கட்டையை நிமிர்த்த நான் தினம் பண்றதுதான், ஈரத்துணி, இஸ்திரிப்பெட்டி. வேணாம்னா விட்டுடறேன். தகட்டை மூடிட்டா யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

"எனக்கு இந்த ஊர்ல எத்தனையோ தெரியும். வாயைத் திறக்க மாட்டேன்."

ஒரு கராஜில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருப்பதால் பிழைக்கும் பெயர் தன் குடும்பப் பெயராக இருக்கக் கூடாது என்று ஆர்விட் நினைத்தார்.

"பெட்டியைச் சூடு பண்ணு," என்றார்.

ஈரத்துணியை மடித்து வைத்து டெல்மா பெட்டியை அழுத்தினாள். சீறல் எழுந்தது. மூன்று தடவை செய்தாள். துணியை எடுத்தபோது குழியில் இலக்கங்கள் மரத்தைவிட உயர்ந்து, தழும்பு போல எழும்பி நின்றன. இரும்பில் இருந்த எண் 392 என்று முடிந்தது. மரத்தில் 417.

"தப்பாப் படிச்சிருப்பே."

அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை நீட்டினாள். அவர் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் 417 தான்.

"காகிதத்துல என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுத வேணாம். கட்டையைக் கழட்டு."

கட்டைக்குள் ஒரே ஒரு நீண்ட போல்ட். நீளமான திருப்புளியை உள்ளே விட்டு அவள் சுழற்றினாள், மரம் கையோடு வந்தது. ஆர்விட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு ரைபிள் என்றாலும், எண்களைச் சுரண்டும் நேரத்தையும் சேர்த்தாலும், அந்தக் குடிசையில் கால் மணி போதும். அடுத்தவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தால் அதுவே தாராளம்.

"புதுசு ஒண்ணு செதுக்கித் தரட்டுமா?"

"செதுக்கு," என்றார். கட்டையைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கோர்பி வீட்டு வழியே அவர் ஆயிரம் தடவை போயிருக்கிறார். உள்ளே திருப்பியது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை மதியம். வெய்க்கோ சௌனா என்னும் நீராவிக் குளியல் அறைக்கு விறகு சுமந்துகொண்டிருந்தார்.

"யோவ் நிஸ்காலா! வழி தவறிடுச்சா? உங்க வீடு இன்னும் மூணு மைல்."

"இது உங்களது," என்று ஆர்விட் கம்பளியைப் பிரித்தார்.

வெய்க்கோ விறகைப் போட்டார். கட்டையைப் புரட்டி அடியைப் பார்த்தார். வீட்டுக்குள் போய்த் தன் ரைபிளோடு வந்தார். அதன் இரும்பில் 417 இருந்தது. கட்டையின் கழுத்தில் விரிசல், அதைக் குறுக்கே பிடித்த இரண்டு பித்தளை ஆணிகள்.

"எங்கப்பா அன்னிக்கே தகட்டைக் கழட்டிப் பாத்தாரு," என்றார் வெய்க்கோ. "இதுலயும் சுரண்டியிருந்துச்சு. சொன்னாரு. 'நீயே சுரண்டிட்டு வந்திருக்கே'ன்னான் உங்கப்பன்."

"இதை எடுத்துக்க. அதைக் குடு. மாத்திக்கலாம்."

"மாட்டேன்."

"ஏன்?"

"ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து எங்கப்பா இதை ஒட்டினாரு. ஆணி ரெண்டும் அவர் கையால தேச்சது. இதை வெச்சு நான் நாப்பது மான் அடிச்சிருக்கேன். திருடின மரத்தை வாங்கி வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

திருட்டு என்ற சொல்லை ஆர்விட்டின் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"கோயில் கீழ்த்தளத்துல, பிரசங்கம் முடிஞ்சு காபி குடிக்கற நேரத்துல, உங்கப்பன் எழுந்து நின்னு ஊர் முன்னாடி எங்கப்பாவைப் பொய்யன்னான். அதே எடத்துல நீ எழுந்து நின்னு சொல்லு."

"செத்துப்போன மனுஷனைப் பத்தியா?"

"எங்கப்பா மட்டும் உசிரோடயா இருக்காரு?"

"எழுதித் தரேன். கையெழுத்துப் போட்டே தரேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியில வை."

"எழுதினா படிக்கறவன் படிப்பான். சொன்னாத்தான் எல்லார் காதுலயும் விழும்." வெய்க்கோ கட்டையைக் கம்பளியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். "முடியலேன்னா விட்டுடு. நாங்க எண்பது வருஷம் இருந்தவங்க. இன்னும் கொஞ்சம் இருப்போம்."

ஞாயிற்றுக்கிழமை ஆர்விட் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டார். பிரசங்கத்தில் ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை. அப்பா கட்டையை மாற்றிய ஆண்டில் செப்புச் சுரங்கம் மூடிக் கிடந்தது, வீட்டில் மூன்று குழந்தைகள், மான் இல்லையென்றால் குளிர்காலத்தில் இறைச்சி இல்லை, உடைந்த கட்டையோடு மான் அடிக்க முடியாது. எல்லாம் உண்மை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இவற்றையும் சொல்வதாகத்தான் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். படியிறங்கும்போது அதை விட்டுவிட்டார். ஏமில் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன. அதோடு, காரணம் சொன்னால் அது கெஞ்சல். நிஸ்காலாக்கள் கெஞ்சுவதில்லை.

கீழ்த்தளத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் ரொட்டித் தட்டு மேசைமேசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஆர்விட் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் அடங்கினார்கள், பிறகு மற்றவர்கள்.

"என் அப்பா யால்மர் நிஸ்காலா, ஏமில் கோர்பியோட துப்பாக்கிக் கட்டையைத் திருடினார். இங்க நின்னு பொய் சொன்னார். ஏமில் கோர்பி சொன்னது உண்மை."

இடப்பக்கத்து மேசையில் வெய்க்கோ கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். ஆர்விட் நாற்காலியை இழுத்தார்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. லெம்பி ருவோனா. தொண்ணூற்று மூன்று வயது, காது மந்தம். யால்மர் இங்கே எழுந்து நின்ற நாளில் இந்தத் தளத்தில் இருந்தவர்களில் உயிரோடிருப்பது அவர் ஒருவர்தான்.

"யாரு அது, யால்மர் மகனா? என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்ல அத்தை, அப்புறம் சொல்றேன்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அப்புறம் என்ன அப்புறம்? எனக்கு வயசு என்ன ஆகுது? இப்பச் சொல்லு!"

ஆர்விட் நாற்காலியை விட்டார். கிழவியின் அருகே போகவும் இல்லை, குனியவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று, அதே வார்த்தைகளை, ஒன்றையும் குறைக்காமல், மேல்தளத்துக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.