பதினோரு மணிக்கு மூக்கு வரும்

காலை ஏழு பத்துக்குச் செய்தி வந்தது.

பல் தேய்த்தபடியே கைபேசியைப் பார்த்த ஜம்புநாதன், வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டார்.

'மூன்றாம் மாடி, சி ஃப்ளாட். லிஃப்டில் பூனை வாடை என்று இரண்டு புகார்கள். இன்று காலை பதினோரு மணிக்கு நேரில் வந்து முகர்ந்து பார்ப்பேன். வாடை இருந்தால் பன்னிரண்டு மணிக்கு பெஹாலா விலங்குக் காப்பகத்திலிருந்து வேன் வரும். லாஹிரி, செகரட்டரி.'

"பத்மா..." என்றார். குரல் வரவில்லை. நுரைதான் வந்தது.

பத்மஜா படித்தாள். ஒருமுறைதான் படித்தாள். சமையலறை மேடையில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்த மிளகைப் பார்த்தாள். கன்னங்கரேல் என்ற பூனை. இரண்டு வருடங்களுக்கு முன், லேக் கார்டன்ஸ் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு மழை நாளில், கார் பானெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டு கிடைத்தது. இந்த வங்காளி ஊரில் அவளிடம் தமிழில் திட்டு வாங்கிக்கொண்டு, பதிலும் பேசும் ஒரே ஜீவன். கணவர் திட்டு மட்டும் வாங்கிக்கொள்வார்.

"வேனாவது, கீனாவது! எத்தனை மணிக்கு வரார்?"

"பதினொண்ணு. ஆனா பத்மா, வரது மனுஷன் இல்லை. மூக்கு."

அதில் மிகையில்லை. அனிமேஷ் லாஹிரி முப்பத்தாறு வருடங்கள் டீ டேஸ்டராக இருந்தவர். ஒரு ஸ்பூன் தேநீரைச் சர்ரென்று உறிஞ்சித் துப்பிவிட்டு, எந்த மலை, எந்தச் சரிவு, பறித்த அன்று மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். ரிட்டயரானதும் அந்த மூக்குக்கு வேலை போயிற்று. எனவே கட்டடத்தின் செகரட்டரி ஆனார். போன வாரம் லிஃப்டில் ஜம்புநாதன் பக்கம் திரும்பி, "முந்தாநாள் பெருங்காயம். கொஞ்சம் பழையது. டப்பாவைச் சரியாக மூடுவதில்லை" என்றார். உண்மை.

மணி ஏழு இருபது. இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம்.

பத்மஜா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"ஏன்னா, திரைச்சீலை எல்லாத்தையும் கழட்டுங்கோ. மிஷின்ல போடுங்கோ. வாசனை சோப்பு வேண்டாம். ரப்பர் கையுறையை ஈரம் பண்ணிண்டு சோபாவை ஒரே பக்கமாத் தடவுங்கோ. முடி திரண்டு வரும்."

"ஆபீசுக்கு..."

"ஞாயித்துக்கிழமை."

வேலை செய்யும் மாலதி மாசி கையில் பினாயில் பாட்டிலோடு நுழைந்தாள். சேதியை வாசலிலேயே வாட்ச்மேன் சொல்லிவிட்டான் போலும். பாட்டிலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தாள்.

"நா! நா! மாசி, பினாயில் நா!" வேண்டாம் என்று பத்மஜா பாய்ந்து மறித்தாள். அவளுடைய வங்காளி அவ்வளவுதான், மீதி கை. பினாயில் பட்ட தரையில் நடந்து, காலை நக்கினால் பூனைக்கு விஷம் என்பதை நாக்கை நீட்டி, கண்ணைச் செருகி, சுவரில் சாய்ந்து நடித்துக் காட்டினாள்.

மாசிக்குப் புரிந்தது. "பௌதிக்கு உடம்பு சரியில்லை" என்று ஜம்புநாதனிடம் கவலையோடு சொன்னாள். பௌதி என்றால் அண்ணி.

எட்டு மணி. மிளகின் மண் தொட்டி காலியானது. வெந்நீர், வாசனையில்லாத சோப்பு, வெயிலில்லாத வானத்தைப் பார்த்து இரண்டு வசவு. அடியில் சமையல் சோடா ஒரு படலம், மேலே புது மண்.

ஒன்பது மணி. பால்கனி மூலை. வினிகரும் தண்ணீரும் சரிபாதி. பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தாள். அமோனியா கலந்த எதையும் தொடவில்லை. அந்த வாடையை வேறொரு பூனையின் சவாலாக எடுத்துக்கொண்டு மிளகு அதே இடத்தில் பதில் எழுதும்.

பத்து மணிக்கு மிளகையே சீப்பால் வாரினாள். பஞ்சுமிட்டாய் அளவுக்குக் கறுப்பு முடி வந்தது.

பத்து இருபது.

பத்மஜா ஹாலில் மண்டியிட்டு, கைகளை ஊன்றி, மூக்கைத் தரையோடு வைத்து ஊர்ந்தாள். சோபா அடி. டிவி பின்புறம். செருப்பு அலமாரி. எழுந்தாள். முகத்தில் வெற்றி.

"ஒண்ணுமே இல்லைன்னா! வீட்டில வாசனைன்னு ஒண்ணுமே இல்லை!"

"எனக்குக் காபி வாசனைகூட வரலையே?"

"காபியே போடலை. எனக்கு இன்னிக்கு சஷ்டி விரதம்."

அலமாரியில் முருகன் படம். அதன் கீழே மணைப்பலகை, அதன் மேல் சின்னக் கோலம், சிவப்புப் பட்டுத்துணி, மஞ்சள், குங்குமம், கிண்ணம் நிறையச் சாமந்தி. மத்தியானப் பூஜைக்கு எல்லாம் தயார். எல்லாம் சரி.

அப்போதுதான் வாஷிங் மிஷின் சுழல ஆரம்பித்தது.

திரைச்சீலைகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்ள, மிஷின் பேய் பிடித்ததுபோல் ஆடிக்கொண்டு குளியலறையிலிருந்து நடந்து வெளியே வந்தது. மிளகு அதைப் பார்த்தது. மிஷினும் மிளகைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

மிளகு ஹாலின் நட்டநடுவில் நின்றது. முதுகை வளைத்தது. வாலைத் தூக்கியது.

"வேண்டாம்டி... கண்ணே... வேண்டாம்..."

நடந்துவிட்டது.

மணி பத்து நாற்பத்தாறு.

வினிகர் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு. சமையல் சோடா டப்பா காலி. வெறும் துணியால் துடைத்தாள். தரை காய்ந்தது, வாடை காயவில்லை. அது எழுந்து, சோம்பல் முறித்து, வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது.

"பத்மா, சாம்பிராணி!"

"புகை ஆகாது அதுக்கு!"

"பெஹாலா ஆகுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜம்புநாதன் கப் சாம்பிராணிப் பெட்டியைப் பிரித்துவிட்டார். பெட்டியில் பன்னிரண்டு. ஒன்று போதும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. முப்பது வருடம் வங்கியில் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லி வாடிக்கையாளரை மிரட்டியவர், இன்று படிக்கவில்லை. பன்னிரண்டையும் பற்றவைத்தார்.

இரண்டு நிமிடத்தில் ஹாலின் மேல்பாதி மறைந்தது. மின்விசிறி போயிற்று. முருகன் படம் போயிற்று. ஜம்புநாதனுக்குத் தலை போயிற்று. வேட்டி மட்டும் நின்றது. பத்மஜா எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். புகைக்குக் கீழே, நல்ல காற்று இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: பால்கனிக் கதவை ஒட்டிய மணைப்பலகை. மிளகு ஓடிப்போய் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. போகிற போக்கில் சாமந்திக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. இரண்டு பூக்கள் தலையில் நின்றன.

டிங் டாங்.

பதினொன்று. ஒரு விநாடி முன்பின் இல்லை.

வாசலில் லாஹிரி. வெள்ளைப் பைஜாமா, கையில் குறிப்பேடு. இந்த வேலைக்கென்றே காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத முகம். பின்னால் அவர் மனைவி ஷிப்ரா, சாட்சிக்கு.

"நொமோஷ்கார், மிஸ்டர் ஜொம்பு."

வேட்டி வணங்கியது.

லாஹிரி கண்களை மூடினார். மூக்கு ஒருமுறை விரிந்தது.

"மேலே தூனோ" என்றார். சாம்பிராணிக்கு அவர்கள் ஊர்ப் பெயர். "மிக அதிகம். எதையோ மறைக்கிறீர்கள்."

இன்னொரு மூச்சு. "அதன் கீழே வினிகர். ஒன்பது மணி வாக்கில். அதன் கீழே சமையல் சோடா. பேஷ், சுத்தமான வேலை."

பத்மஜா மாசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாசியின் மறு கையில் விளக்குமாறு.

லாஹிரி நடந்தார். சோபாவைத் தாண்டினார். நட்டநடுவில் வந்து நின்றார். மூக்கின் நுனி மெல்லக் கீழே திரும்பியது.

"எல்லாவற்றுக்கும் அடியில்..." என்றார். சுட்டுவிரல் எழுந்தது. "புத்தம் புதிதாக... கால் மணி நேரம் முன்... பி..."

வங்காளியில் பூனைக்கு 'பிரால்'. இன்னும் இரண்டே எழுத்து. அந்த இரண்டு எழுத்தில் வேன் நின்றது, கூண்டு நின்றது, பெஹாலா நின்றது.

பத்மஜா கத்தினாள். ஏன் இவ்வளவு புகை என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். தனக்குத் தெரிந்த வங்காளி மொத்தத்தையும் திரட்டினாள்.

"தாதா! ஆஜ் ஷொஷ்டி! ஆமார் உபோஷ்! ஷொஷ்டி புஜோ!"

அண்ணா, இன்று சஷ்டி. எனக்கு விரதம். சஷ்டி பூஜை.

சொன்னது அத்தனையும் சத்தியம். ஆனால் ஒரு சின்ன விஷயம். நமக்குச் சஷ்டி என்றால் முருகன், முருகனுக்கு மயில். அவர்களுக்கு ஷொஷ்டி என்றால் அம்மன். பிள்ளை வரம் கொடுத்து, பிறந்த பிள்ளைகளைக் காக்கும் அம்மன்.

அந்த அம்மனுக்கு வாகனம், பூனை.

ஷிப்ரா திரும்பினாள். புகை ஒருகணம் விலகியது. மணை. கோலம். பட்டுத்துணி. மஞ்சள். நடுவே, கன்னங்கரேலென்று, தலையில் சாமந்தியோடு, கண்ணிமைக்காமல் ஒரு பூனை.

"ஓ மா கோ!"

ஷிப்ரா அப்படியே தரையில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் எழுந்து குலவையிட்டாள். நாக்கு அவ்வளவு வேகமாக ஆடி ஜம்புநாதன் பார்த்ததில்லை. மாலதி மாசி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவளும் சேர்ந்துகொண்டாள்.

"இரண்டு வருஷமா இந்த வீட்டில வேலை பார்க்கறேன், பௌதி, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"இல்லை... மாசி... அது மயூர்..." பத்மஜாவுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. புகைக்குள்ளிருந்து ஒரு கால் வந்து அவள் காலை மிதித்தது.

"சும்மா இரேன்" என்றது புகை.

லாஹிரி இன்னும் விரலைத் தூக்கியபடியே நின்றார். வாயில் பாதி வார்த்தை.

"என்ன சொல்ல வந்தீங்க?" ஷிப்ரா கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். "பெங்களூர்ல நம்ம மருமகளுக்கு ஏழு மாசம். அது ஞாபகம் இருக்கட்டும். இப்ப சொல்லுங்க. பி..."

முப்பத்தாறு வருடங்கள் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லாத மூக்கு. லாஹிரியின் நெற்றியில் வியர்வை. மனைவியைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பூனை கொட்டாவி விட்டது.

"பி... பிரா... பிராட்!" என்றார். "பிராட் புஜோ!"

பிரம்மாண்டமான பூஜை.

ஓர் எழுத்தில் தப்பியது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் பத்மஜா கையில் இல்லை. சேதி லிஃப்டைவிட வேகமாக இறங்கியது. பதினொன்றரைக்கு நான்கு மாடிப் பெண்களும் வாசலில். பிள்ளைகள் கையில் கட்ட மஞ்சள் தோய்த்த நூல், தயிர்க் கிண்ணம், வாழைப்பழம். புகார் கொடுத்த இரண்டாம் மாடி அம்மாளும் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவன் நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து மிளகின் பக்கம் நீட்டினாள். மிளகு பொட்டை நக்கியது. கூட்டம் மெய்சிலிர்த்தது.

ஒருத்தி மூடிய தட்டில் வறுத்த மீன் தலை கொண்டுவந்தாள்.

"ஐயோ, மீனா! இந்த ஆத்திலயா!" என்றாள் பத்மஜா.

மிளகு இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளை வெறுப்போடு பார்த்தது. தட்டு வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டது. வாகனமும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து மணையில் அமர்ந்தது.

பத்மஜா வாளியும் துணியுமாக ஹாலின் நடுவே குனிந்தாள். வாடை இன்னும் இருந்தது. கூட்டத்தில் யாரும் மிதித்துவிடக் கூடாதே.

"தொடாதீங்க!" லாஹிரி ஓடி வந்தார். "அந்த இடத்தை வினிகர் போட்டுத் துடைக்கவே கூடாது. வாகனத்தின் வாடை. நான் பொறுப்பு."

"தாதா, அது வந்து... மூத்திரம்."

"தெரியும்" என்றார் லாஹிரி கம்பீரமாக. "எனக்குத் தெரியாதா?"

பன்னிரண்டு மணிக்குப் பெஹாலா வேன் வந்தது. கூண்டோடு மேலே வந்த டிரைவரை லாஹிரியே வாசலில் நிறுத்தினார்.

"பூனை?"

"இங்கே பூனை கிடையாது."

டிரைவர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "பின்னே அது என்ன?"

லாஹிரி சொன்னார். டிரைவர் செருப்பைக் கழற்றினான். கூண்டை மூலையில் வைத்தான். தன் மகளுக்கு ஒரு மஞ்சள் நூல் வாங்கிக்கொண்டு, வெறுங்கூண்டோடு லிஃப்டில் இறங்கினான்.

பத்மஜா சுவரில் சாய்ந்தாள். ஏழு பத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை இப்போதுதான் விட்டாள். வேன் போய்விட்டது. மிளகு இருக்கிறது.

லாஹிரி குறிப்பேட்டில் எதையோ எழுதிவிட்டு ஜம்புநாதனிடம் வந்தார். புகை விலகி, இப்போது ஜம்புநாதனின் தலை தெரிந்தது.

"மிஸ்டர் ஜொம்பு, வங்கி வேலை. உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வருமே?"

"வரும் தாதா. அடுத்த வருஷம். திருச்சி கேட்டிருக்கேன்."

லாஹிரி ஷிப்ராவைப் பார்த்தார். ஷிப்ரா மற்ற பெண்களைப் பார்த்தாள். பதினோரு ஃப்ளாட்டும் ஒரே சமயத்தில் தலையசைத்தன.

"நல்லது. நீங்கள் போய் வாருங்கள்" என்றார் லாஹிரி. "பூனை எங்கும் போகாது."

ஜம்புநாதன் சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. உதவிக்கு மனைவியைத் தேடினார்.

பத்மஜா மணைக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மிளகு அவள் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. யாரோ அவள் நெற்றியிலும் மஞ்சளைத் தீற்றினார்கள். அவள் தடுக்கவில்லை.

"ஆமியோ ஜாபோ நா" என்றாள்.

நானும் போக மாட்டேன். இந்த ஊருக்கு வந்த நாலு வருடத்தில் அவள் தப்பில்லாமல் பேசிய முதல் வங்காளி வாக்கியம் அது.