தோள் அளவு

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு உமாபதி அறையின் பூட்டைத் திறந்தான். மேசைமேல் பெட்டி நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஐம்பது தோட்டாக்கள். ஒன்றை எடுத்து வெர்னியர் அளவுகோலில் வைத்தான். நேற்றைய அளவு இல்லை. இரண்டாவதும் இல்லை. எல்லாமே மயிரிழை குட்டையாகியிருந்தன. அதுவும் ஒன்றுபோல் இல்லை.

சாவி ஒன்றுதான். இரவு முழுக்க அது அவன் அரைஞாணில் கிடந்தது.

ராஸ் அல் கைமாவில், கல்குவாரிக்குப் பின்னால் மலையடிவாரத்தில் இருந்தது அந்தச் சுடுதளம். உரிமம் பெற்ற இடம். குவாரிக்கும் அதற்கும் ஒரே முதலாளி, அர்பாப். போட்டிகளில் சுடுகிறவர். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிக் கையாலேயே சேர்க்க வேண்டும். குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். தலைமுடியில் பாதி பிசகினாலும் இலக்கில் துளைகள் சிதறிவிடும்.

பதினோரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் முத்துராமன். ஆகஸ்டில், குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும் பிரஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்தபடி ஸ்டூலிலேயே செத்துப்போனார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்ததாக மீராசா சொன்னார். ஸ்டோர் பார்ப்பவர், கீழக்கரைக்காரர், தமிழ்ப் பையன்களுக்கெல்லாம் காக்கா, மூத்த அண்ணன். எதையும் கூட்டிச் சொல்லமாட்டார்.

அந்த ஸ்டூலில் இப்போது உமாபதி. ஊரில் லேத் ஓட்டியவன். இங்கே வந்து இரண்டு வருஷம் கிரஷரில் கல்தூசி தின்றான். எச்சிலில் சிவப்பு தெரிந்தபோது, இன்னொரு வருஷம் தூசியில் நின்றால் நெஞ்சு தாங்காது என்றார் டாக்டர். லேத் தெரியும் என்பதால் அர்பாப் இங்கே மாற்றினார். ஆறு வாரமாகியும் துளைகள் ஒன்றுகூடவில்லை. வியாழன் காலை ஐந்து குண்டும் ஒரு திர்ஹம் காசுக்குள் விழ வேண்டும், விழாவிட்டால் கலாஸ், இந்த வேலை முடிந்தது, மறுபடி கிரஷர் என்று இந்தியில் பொறுமையாகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மீராசா எட்டிப் பார்த்தார். உமாபதி ஒவ்வொரு தோட்டாவையும் அடியிலிருந்து முனைவரை அளந்து, நீளம் மிஞ்சியதை மறுபடி அழுத்திச் சமன் செய்துகொண்டிருந்தான்.

"முனையிலயா அளக்கிறே?"

"வேற எங்க காக்கா அளக்கிறது? லேத்துல முனைக்கு முனைதான்."

"நல்லா இருக்கு. ஆளு ஒசரத்தைத் தொப்பியோட சேத்து அளந்த கதைதான். குண்டுக்கு முனை ஒண்ணுபோல ஒண்ணு வராதுப்பா. குழலுக்குள்ள போய் முட்டுறது முனைக்குக் கீழ தடிக்கிற தோளு. முத்துராமன் தோள்ல வளையம் மாட்டித்தான் அளப்பாரு."

அந்தப் பித்தளை வளையம் முத்துராமன் பழைய லேத்தில் தானே கடைந்தது. அந்த லேத்தும் இப்போது இல்லை. வளையம் உடம்போடு ஊருக்குப் போன அவர் சாமான் பெட்டியில் போய்விட்டது. உமாபதி அவர் மனைவி கனகாவுக்குப் போன் போட்டான். பெட்டியை இன்னும் திறக்கவே மனசு வரவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அனுப்பினாலும் வந்துசேர ஒரு வாரம் ஆகும். புதன்கிழமை வேறு வழியில்லாமல் பழையபடி முனை பார்த்தே ஐம்பதையும் முடித்து, பூட்டிக்கொண்டு கேம்புக்குப் போனான்.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தான். கால் தரையைத் தொடவில்லை. யாரோ அதை இரண்டு திருகு உயர்த்தியிருந்தார்கள். முத்துராமன் நல்ல நெட்டை. ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் பிரஸ்ஸின் கைப்பிடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே ஹாரன் கேட்டது. ஆறேகாலுக்கு மலையிலிருந்து காற்று இறங்கிவிடும். அதற்குள் சுட வேண்டும். பெட்டியோடு போனான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து மலைக்கு அப்பால் கிரஷர் ஓடத் தொடங்கியது. பெட்டியை அர்பாப்பிடம் நீட்டினான்.

அர்பாப் படுத்துச் சுட்டார். ஐந்து முறை. மீராசா போய்க் காகிதத்தைக் கொண்டுவந்தார். ஒரே துளை. ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதன்மேல் காசை வைத்தார். துளை மறைந்துபோனது. அர்பாப் சிரித்து, உமாபதியின் கையைக் குலுக்கினார். இனி ஸ்டூல் உன்னுடையது என்றார்.

மீராசா சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். குண்டின் செப்புத் தோளில், சுற்றிலும், வளையம் உரசிய மெல்லிய கோடு. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. திரும்ப வைத்து மூடினார்.

உமாபதியின் போன் அடித்தது. கனகா.

"தம்பி, பொட்டியத் தெறந்துட்டேன். வளையம் இருக்கு," என்றாள். "ரெண்டு மாசமாப் பூட்டிக் கெடந்த பொட்டி. வளையத்துல எண்ணெ இன்னும் காயல. செப்புத்தூளு வெரல்ல ஒட்டுது. ராத்திரி அங்க யாரு தம்பி வேலை பாத்தது?"