ஒரே வாரிசு

அம்மா உயில் எழுதி வைக்காமல் போய்விட்டாள். இரண்டு அறை வீட்டுக்கு உயில் ஒரு கேடா என்று நினைத்திருப்பாள். வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதிலிருந்து சின்னவளுக்கு வேலையே ஓடவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். அன்று இரண்டு தடவை குத்தியும் நரம்பு அகப்படவில்லை.

அவள் அம்மா பெற்ற பிள்ளை இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அத்தை அதை வாய் தவறி உளறினாள். "அண்ணனுக்கே தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் மூச்சு விடவில்லை. தத்தெடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா இருவரின் பிறப்புச் சான்றிதழையும் கேட்டார். அவளுடையது இல்லை.

"அப்போ ரெண்டு பேரும் அவங்க பெத்த பிள்ளைங்கதான்னு உறுதிமொழிப் பத்திரம் கொடுங்க. தெருவுல வந்து விசாரிப்போம். பொய்னு தெரிஞ்சா ரெண்டு பேர் மேலயும் வழக்குதான்" என்றார், தலை நிமிராமல்.

எதிர்வீட்டுச் சலவைக்காரருக்கு எல்லாம் தெரியும். அவர் வாய் திறந்தால் அண்ணனும் சேர்ந்து மாட்டுவான். உண்மையைச் சொன்னால் அவள் அந்த வீட்டுக்கு யார்? அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டான்.

"கொஞ்சம் வெளிய வாண்ணே."

மாடிப்படியில் சொல்லிவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பேருந்துப் பணிமனை மெக்கானிக்கான அண்ணன் நகத்திடுக்கில் இருந்த கிரீஸைச் சுரண்டினான். "அம்மா உன்னைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தப்ப கதவைத் தொறந்ததே நான்தான். ஏழு வயசு எனக்கு. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"இப்ப என்ன பண்றது?"

"பொய்க் கையெழுத்து வேண்டாம். வாரிசு நான் ஒருத்தன்னு எழுதறேன். வீடு என் பேருக்கு வந்ததும் பாதியை உனக்கு எழுதித் தர்றேன்."

அவள் தலையாட்டினாள். ஆனால் 'ஒரே வாரிசு' என்று குமாஸ்தா வாய்விட்டுப் படித்தபோது உள்ளே ஏதோ அறுந்தது. அண்ணன் நல்லவன்தான். அண்ணி என்ன சொல்வாள்? அவன் மனசு மாறிவிட்டால் எந்த முகத்தோடு கேட்பது? அம்மாவின் வீட்டில்தான் அவள் குடியிருந்தாள்; மூன்று மாதம் கதவு தட்டப்படும்போதெல்லாம் காலி செய்யச் சொல்ல யாரோ வந்துவிட்டதாகவே பதறினாள். சான்றிதழ் வந்ததை அண்ணன் போனில் சொன்னான். அப்புறம் பத்து நாள் பேச்சில்லை.

பதினோராம் நாள் காலை வண்டியோடு வந்து நின்றான். "அடையாள அட்டையை எடுத்துக்கோ. பத்திரம் எழுத ஆள் சொல்லியாச்சு. லீவு கிடைக்கல, அதான் இத்தனை நாள்."

பத்திர எழுத்தர் கண்ணாடியை இறக்கினார். "என்ன உறவு? கூடப் பிறந்தவங்களா?"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூட வளர்ந்தவ. தங்கச்சி. அப்படியே எழுதுங்க" என்றான் அண்ணன்.

அவள் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று அடுத்த பக்கத்தைத் தள்ளினார்.