மாடியில் யாரும் இல்லை

1911-இல் அந்த வீட்டைக் கட்டியவர் ஊரறிந்த டாக்டர். கீழே நோயாளிகளைப் பார்க்கும் கூடம், முதல் மாடியில் குடும்பம், அதற்கு மேல் ஒரே ஓர் அறை. நூறு வருஷம் கழித்து நகராட்சி அதை வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியது. சனிக்கிழமைகளில் சுற்றிக்காட்டுவது டாக்டரின் பேத்தி. எழுபத்து நாலு வயதிலும் குடும்பத்தில் அவளுக்குச் சின்னப்பொண்ணு என்றுதான் பெயர்.

நன்றாகவே சொல்வாள். மேலறைக்கும் கூடத்துக்கும் ஓடும் பேச்சுக்குழாயைத் தட்டி, “அந்தக் காலத்து செல்போன், பில் கிடையாது” என்று சிரிக்கவைப்பாள். மேலறை வந்தால் மட்டும் பேச்சு சுருங்கிவிடும்.

“தட்டுமுட்டுச் சாமான் போடற ரூம். அவ்வளவுதான்.”

ஒரு சனிக்கிழமை, கூட்டத்தோடு வந்த நர்ஸ் ஒருத்தி குனிந்து பார்த்தாள். கதவின் அடியில், தட்டு நுழையும் அளவுக்குச் சதுரமாக அறுத்திருந்தது.

“ஏம்மா, சாமானுக்குச் சாப்பாடு போட்டாங்களா?”

நாலு பேர் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. சின்னப்பொண்ணுக்குக் காதுமடல் சுட்டது. ஏதோ உளறிவிட்டுக் கூட்டத்தைக் கீழே ஓட்டிக்கொண்டு போனாள்.

அந்த அறையில் இருந்தவள் அத்தை, டாக்டரின் ஒரே மகள். அவளுக்கு வலிப்பு வரும். பத்தொன்பது வயதில் விருந்தாளிகள் முன்னால் விழுந்தாள். மறுநாளே டாக்டர் தச்சரை வரவழைத்தார். ஊர் நோயெல்லாம் பார்த்தவருக்கு மகளின் நோய் மானப்பிரச்சினை. அவர் கண்ணை மூடிய பிறகும் கதவை யாரும் திறந்துவிடவில்லை.

அதையெல்லாம் பெரியவர்கள் தலையில் கட்டிவிடலாம். கட்ட முடியாதது ஒன்று இருந்தது. சின்னப்பொண்ணும் அத்தையும் அந்தத் திறப்பு வழியாகச் சீட்டாடுவார்கள். அத்தை கூசாமல் கள்ளாட்டம் ஆடுவாள். பிடிபட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டில் சின்னப்பொண்ணுக்கு அவளைவிட நெருங்கிய சிநேகிதி கிடையாது.

கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளையின் அம்மா வீட்டைப் பார்க்க வந்தாள். வீட்டார் எல்லோரும் கூடியிருந்த கூடத்தில் உட்கார்ந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

“மேல யாரோ நடக்கிறாப்பல இருக்கே?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் சின்னப்பொண்ணு முந்திக்கொண்டாள்.

“மேல யாரும் இல்லை, அத்தை. பூனையா இருக்கும்.”

அத்தை என்று வேறொருத்தியை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேச்சுக்குழாயின் மூடி திறந்து கிடந்ததைப் பிறகுதான் பார்த்தாள். மேலே நடைச்சத்தம் சட்டென்று நின்றது.

மறுநாள் திறப்பில் சீட்டை நீட்டினாள். உள்ளேயிருந்து கை வரவில்லை. அதற்கப்புறம் அவள் மேலே போகவே இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அத்தை செத்துப்போனாள். அன்றைக்குத்தான் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தாள். தன் மூக்கு, தன் மோவாய்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் கலைந்ததும் நர்ஸ் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு மூச்சிரைக்கப் போய் நின்றாள்.

“அங்க எங்க அத்தை இருந்தாங்க. யாரும் இல்லைன்னு சொன்னது நான்தான்.”

“எப்போ?”

“அம்பத்து நாலு வருஷமா. இப்பக் கொஞ்ச நேரம் முன்னாடியும்.”

நர்ஸ் ஆறுதல் சொல்லவில்லை. “என்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அந்தக் கதவுகிட்ட நின்னு சொல்லுங்க.”

அடுத்த சனிக்கிழமை சொன்னாள். விஷயம் தெரிந்து தம்பி போனில் கத்தினான்.

“குடும்ப மானம் சந்தி சிரிக்குது, அக்கா!”

“சிரிக்கட்டும்டா” என்றாள்.

அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. சொல்லச் சொல்லப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள், இறங்கவில்லை. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் யாராவது ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் திரும்பிப் பார்க்கும்வரை பொறுத்திருந்து, மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறாள்.