பதினெட்டாம் பாடம்

தேர்வு எழுதியது பிள்ளைகள். பதில் சொல்ல வேண்டியவளோ பாடநூல் அலுவலகத்துக் கணக்குப் பாட அதிகாரி. பல நாட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே கணக்குத் தேர்வில் உட்காரவைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் அறிக்கை காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. போன முறை இருபத்தேழாம் இடம். இந்த முறை இருபத்தொன்பது.

பழைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பதினெட்டுப் பாடங்கள். அதை எழுதியவர் இப்போதைய இயக்குநர். நான்கு வருடத்துக்கு முன் அதைப் பதின்மூன்றாக வெட்டியவள் அவள். நிகழ்தகவையும் இன்னும் சிலதையும் ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டு, பின்னத்துக்கும் விகிதத்துக்கும் இரண்டு மடங்கு நாள் கொடுத்தாள். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பது அவள் கட்சி. "இடம் இறங்குனா பழைய புத்தகம் திரும்ப வரும், இப்பவே சொல்லிட்டேன்" என்று இயக்குநரும் அன்றே சொல்லிவிட்டார். மனிதர் சொன்ன சொல் தவறாதவர். பயமே அதுதான்.

அவள் இயக்குநர் அறைக்குள் நுழைந்தபோது மேசைமேல் பழைய புத்தகம் தூசி தட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் புள்ளிவிவரப் பிரிவுக்காரர். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இல்லாமல் எதையும் சொல்லமாட்டார் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்குத் தசமம் என்றுதான் பெயர்.

"ரெண்டு இடம் இறங்கியாச்சு. பன்னெண்டு மணிக்கு அமைச்சர் ஆபீஸ்ல கேப்பாங்க. நான் என்னம்மா சொல்லட்டும்?" என்றார் இயக்குநர். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

பதில் அவளிடம் இருந்தது. அறிக்கையின் கடைசி அட்டவணை. ஆனால் அதைத் திறந்தால் அவள் குட்டும் உடைந்துவிடும்.

தேர்வுக்கு முன் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு படிவம் வரும். இந்தக் கேள்விக்கான பாடத்தை எட்டாம் வகுப்புக்குள் நடத்தினீர்களா? ஆமென்றால் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. இருநூறு கேள்வியில் நாற்பத்தொன்றுக்கு அவள் பெருக்கல் போட்டிருந்தாள். "நம்ம ஓட்டையை நாமளே ஊருக்குக் காட்டணுமா? எல்லாத்துக்கும் டிக் போட்டு அனுப்புங்க" என்று அப்போது சொன்னார் இயக்குநர். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தவள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மனம் வராமல் பெருக்கலோடே அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

வேலையா, புத்தகமா? அறிக்கையை மேசைமேல் வைத்தாள்.

"சார், கடைசி அட்டவணையைப் பாருங்க. நடத்துன பாடம் தனி, நடத்தாதது தனின்னு பிரிச்சிருப்பாங்க."

"எப்படிப் பிரிப்பாங்க? நாமதான் எல்லாத்துக்கும் டிக்..." இயக்குநர் நிறுத்திக்கொண்டார்.

"போடலைங்க சார்."

தசமம் பக்கத்தைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "சார், பின்னத்துலயும் விகிதத்துலயும் போன தடவை நூத்துக்கு முப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு ரெண்டு பிள்ளைங்கதான் சரியாப் போட்டாங்க. இப்ப ஐம்பத்தாறு புள்ளி நாலு பூஜ்ஜியம். மத்த நாடுகளோட சராசரியைத் தாண்டியாச்சு. நடத்துன பாடத்தை மட்டும் எடுத்தா நமக்குப் பத்தொன்பதாம் இடம். சறுக்குனது பூரா நடத்தாத அந்த நாப்பத்தொண்ணுலதான்."

இயக்குநர் அட்டவணையை ஒருமுறை தானே படித்தார். பழைய புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பாடத்தைப் புரட்டினார். அது திரும்ப வரத்தான் போகிறது என்று அவள் நினைத்தாள்.

"பதினெட்டாம் பாடம். ஆசை ஆசையா எழுதுனது" என்றார். "இந்தப் புத்தகத்தைப் பதினோரு வருஷம் நானே வகுப்புல நடத்துனேம்மா. ஒரு வருஷம்கூட இந்தப் பாடத்துக்குப் போய்ச் சேரல. பன்னெண்டாம் பாடம் நடத்தும்போதே முழுப் பரீட்சை வந்துரும். ஆனா பாடம் முடிஞ்சுதான்னு படிவம் வந்தா, நடத்தியாச்சுன்னு டிக் மட்டும் தவறாம போட்டிருவோம்."

புத்தகத்தை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"அமைச்சர் ஆபீஸுக்கு இந்த அட்டவணையே போகட்டும். உங்க புத்தகம் இருக்கட்டும். அடுத்த படிவத்தையும் நீங்களே போட்டு அனுப்பிடுங்க, என்கிட்ட கேக்காதீங்க. கேட்டா நான் மறுபடி டிக் போடத்தான் சொல்லுவேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வெளியே வந்ததும் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த தசமம் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணு புள்ளி ரெண்டு அஞ்சுதான் ஆகுது மேடம், அதுக்குள்ள சாப்பாடா?"

"புத்தகம் பிழைச்சிருச்சே சார், பசிக்காதா?" என்றாள். வாய் நிறையச் சோறும் கண் நிறையத் தண்ணீருமாகச் சிரித்தாள்.